பைக்கும் சைக்கிளும் அடிபட்டா பொலிஸ் றிப்போட் எடுக்கிற சேவை எப்பிடி? திருகோணமலை ரிவ்யூ, 3.5 ஸ்டார்

முதல்லயே ஸ்டாரைச் சொல்லிடுறன். ஸ்பொட்டுக்கு வந்து அளந்து எழுதின பொலிசுக்கு 4.5, றிப்போட் குடுக்கிற கவுண்டருக்கு 2.5, வெளியில கடிதம் டைப் அடிச்சு போட்டோக்கொப்பி எடுத்துக் குடுக்கிற கொம்யூனிகேஷன் கடைக்கு 5. கணக்குப் பாத்தா 4 வரும், ஆனா கவுண்டர்ல காய்ஞ்சதுக்கு நான் அரையைக் குறைச்சிட்டன். எந்த ஸ்டேஷன் எண்டு எழுதப் போறேல்ல, ஏனெண்டா அங்க இருக்கிற ஆக்கள் ட்ரான்ஸ்ஃபர்ல மாறிக்கொண்டே இருப்பாங்க, இண்டைக்கு நான் ஏசினா நாளைக்கு வாற ஒரு நல்ல மனுசனுக்குத்தான் பேர் கெடும். கடையின்ட பேரும் போடேல்ல, அவர் விரும்பமாட்டார்.

விசயம் இதுதான். எங்கட மாமா, அம்மாட தம்பி, அறுபது தாண்டின ஆள், இண்டைக்கும் மீன் வாங்கப் போறதெண்டாலும் கோணேசர் கோயிலுக்குப் போறதெண்டாலும் சைக்கிள்தான். பச்சைக் கலர் லுமாலா. பின்னேரம், நல்ல வெளிச்சம் இருக்கிற நேரம், வலப்பக்கத்து ஒழுங்கைக்குத் திரும்பக் கையைக் காட்டியிருக்கிறார், பின்னால பைக்ல வந்த பொடியன் அதே நேரம் அவரை வலப்பக்கத்தால ஓவர்டேக் பண்ணப் பாத்திருக்கிறான், ரெண்டு பேரும் நடு றோட்டில. மாமா சொல்லுறார் நான் கை காட்டிட்டுத்தான் திரும்பினன் எண்டு, பொடியன் சொல்லுறான் ஐயா சடாரெண்டு வெட்டினவர் எண்டு. எங்கட டவுன்ல மான் குறுக்க போனா எல்லாரும் பவ்வியமா பிரேக் பிடிச்சு நிப்பாங்க, சைக்கிள்காரன் கை காட்டினா மட்டும் ஹோர்ன் அடிப்பாங்க, அது வேற கதை.

பொடியன் ஓடேல்ல, அதைச் சொல்லத்தான் வேணும். மாமாவைத் தூக்கி இருத்தி, தண்ணி வாங்கிக் குடுத்து, அம்புலன்சுக்கு 1990 நம்பருக்கு கோல் எடுத்ததும் அவன்தான். சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லை எண்டது இன்னும் எங்கட ஆக்கள் கனபேருக்குத் தெரியாது, த்ரீவீல் பிடிச்சு ஆளை மடிச்சு ஏத்திக்கொண்டு போறாங்க, அப்பிடிச் செய்யாதீங்க. பொலிசுக்கு, 119 நம்பருக்கு, பக்கத்துக் கடைக்காரர் அடிச்சார். நான் போய்ச் சேரேக்க பொலிஸ் வந்திட்டுது.

இனித்தான் அந்த 4.5 ஏனெண்டு சொல்லுறன். வந்தது ட்ராஃபிக் பொலிஸ் ரெண்டு பேர். அதில ஒருத்தர் இளம் ஆள், சிங்களப் பொடியன், தமிழ் தட்டித் தடவிக் கதைச்சார் ஆனா கதைச்சார். முதல்ல சோக்கால ரெண்டு வாகனத்துட சில்லும் நிண்ட இடத்தை றோட்டில கீறினார், பிறகு டேப்பை எடுத்தார். டேப்பிட மற்ற நுனியைப் பிடிக்க ஆள் இல்லை, மற்றவர் வாகனங்களை மறிச்சு விட்டுக்கொண்டு நிக்கிறார், இவர் சுத்திப் பாத்திட்டு, சைக்கிளை நிப்பாட்டிட்டு வேடிக்கை பாத்துக்கொண்டு நிண்ட ஐஸ்கிறீம்காரரைக் கூப்பிட்டு நுனியை லைட் போஸ்டில வைச்சு அமத்திப் பிடிக்கச் சொன்னார். போஸ்டில இருந்து சைக்கிளுக்கு எவ்வளவு, பைக்குக்கு எவ்வளவு, றோட் கரையில இருந்து அடிபட்ட இடத்துக்கு எவ்வளவு, றோட்டிட மொத்த அகலம் எவ்வளவு, எல்லாம் எழுதினார். போஸ்டிட நம்பரையும் எழுதினார். பிறகு குனிஞ்சு பைக்கிட கியர் லீவரைப் பாத்தார், அதில மாமாட சைக்கிள் பச்சை பெயின்ற் ஒட்டியிருந்தது, நகத்தால சுரண்டிப் பாத்திட்டு அதையும் எழுதினார். சைக்கிளிட வலப்பக்கப் பெடல் உள்ளுக்கு மடிஞ்சு போய் இருந்தது, அதையும் ரெண்டு தரம் சுத்திப் பாத்தார். பொடியனை ஊத வைச்சுப் பாத்தாங்க, ஒண்டும் இல்லை. லைசன்ஸ், இன்சூரன்ஸ், றெவனியூ லைசன்ஸ் மூண்டும் சரி.

இந்த அளவெல்லாம் ஏன் இவ்வளவு விரிவா எழுதுறன் எண்டா, பிறகு இன்சூரன்ஸிலயும் கோட்டிலயும் பேசுறது இந்த ஸ்கெச்தான். மாமா கை காட்டினாரா இல்லையா எண்டது வாய்ப் பேச்சு, பச்சை பெயின்ற் எங்க ஒட்டியிருந்தது எண்டது வாய்ப் பேச்சு இல்லை. அடிபட்ட இடம் நடு றோட்டிலயா கரையிலயா எண்டதை வைச்சுத்தான் ஆர் எந்தப் பக்கத்தால வந்தது எண்டு விளங்கும். அதால அடிபட்ட உடன வாகனத்தைத் தூக்கிக் கரையில வைக்கிற எங்கட நல்ல பழக்கத்தை விட்டிடுங்க. ஆளைத் தூக்குங்க, வாகனத்தை விடுங்க. கட்டாயம் எடுக்கத்தான் வேணுமெண்டா முதல்ல போன்ல நாலு பக்கத்தாலயும் படம், றோட்டுக் கோடும் லைட் போஸ்டும் தெரியிற மாதிரி ஒரு தூரப் படம், பிறகு எடுங்க.

அங்கயே ஒரு கூட்டம் சேர்ந்திட்டுது, வழமையான கதைதான், பொலிசுக்குப் போனா அலைச்சல், கோடு கச்சேரி எண்டு இழுபடும், பொடியனிட்ட சைக்கிள் திருத்தக் காசை வாங்கிட்டு விடுங்கோ ஐயா எண்டு. மாமாவும் இளகின மனசு, சின்னப் பொடியன் விடுவம் எண்டார். நான் விடேல்ல. டொக்டர் பாக்க முதல் எந்தப் பேப்பரிலயும் பிரச்சினை முடிஞ்சுது எண்டு சைன் வைக்கிறேல்ல எண்டு சொல்லிட்டன். இரவு மணிக்கட்டு வீங்கி, எக்ஸ்ரேயில எலும்பில வெடிப்பு எண்டு வந்து, மாக்கட்டுப் போட்டாங்க. அந்த இடத்தில சமாதானக் கடிதம் எழுதிக் குடுத்திருந்தா இன்சூரன்ஸ்காரருக்கு அது காணும், கதை முடிஞ்சிருக்கும்.

ஆஸ்பத்திரியைப் பற்றி சுருக்கமாச் சொல்லுறன், இது ஆஸ்பத்திரி ரிவ்யூ இல்லை. அக்சிடன்ட் எண்டு சொல்லி வார்டில அட்மிட் பண்ணினா ஆஸ்பத்திரிக்குள்ள இருக்கிற பொலிஸ் போஸ்டில இருந்து ஒருத்தர் வந்து வாக்குமூலம் எடுப்பார். படியில விழுந்த எண்டு சொல்லி மருந்து எடுக்கிற ஆக்கள் இருக்கிறாங்க, பொலிஸ் கரைச்சல் வேணாம் எண்டு. அப்பிடிச் சொன்னா பிறகு டயக்னோசிஸ் கார்டில, அதாவது என்ன வருத்தம் எண்டு எழுதி ஆஸ்பத்திரி தாற கார்டில ஒண்டு, பொலிஸ் புத்தகத்தில இன்னொண்டு எண்டு நிக்கும், ஒரு இன்சூரன்ஸும் அதைப் பாத்துக் காசு தராது. சட்ட வைத்திய அதிகாரிக்குக் காட்டுறதுக்கு பொலிஸ் ஒரு படிவம் குடுக்கும், காயம் எப்பிடிப்பட்டது எண்டு அவர் பாத்து எழுதுவார், அந்த றிப்போட் உங்கட கையில தர மாட்டாங்க, கோட்டுக்குத்தான் போகும். உங்களுக்குக் கையில வாறது டயக்னோசிஸ் கார்ட். அதையும் வார்ட்டில உங்கட பேரில போடுற பி.எச்.ரி., அதாவது கட்டில் தலைமாட்டுச் சீட்டிட நம்பரையும் படம் எடுத்து வைச்சுக்கொள்ளுங்க, அந்த நம்பர் இல்லாம பிறகு பழைய ரெக்கோட்டைத் தேடுறது கொடுமை.

இனி கவுண்டர். இங்கதான் என்ட பொறுமையைச் சோதிச்சாங்க.

நான் போய் "சேர், அக்சிடன்ட் றிப்போட் ஒண்டு வேணும்" எண்டன். "என்ன றிப்போட்?" எண்டார். அக்சிடன்ட் றிப்போட் எண்டன். "அப்பிடி நாங்க ஆக்களுக்குக் குடுக்கிறேல்ல, இன்சூரன்ஸ் கேட்டா அனுப்புவம்" எண்டார். சரியெண்டு இன்சூரன்சுக்கு அடிச்சா அவங்க சொல்லுறாங்க நீங்கதான் பொலிஸ் றிப்போட் எடுத்துத் தர வேணும் எண்டு. திரும்ப கவுண்டருக்கு வந்தா முதல் இருந்தவர் சாப்பிடப் போயிட்டார், அடுத்தவர் பெரியவர் வந்தாத்தான் எண்டுறார், பெரியவர் கோட்டில. பந்து மாதிரி அங்கயும் இங்கயும் அடிச்சு விளையாடினாங்க எங்களை வைச்சு. ஒருத்தரும் மரியாதைக் குறைவாக் கதைக்கேல்ல, அது வேற, வயசு போன ஆள் எண்டு மாமாக்கு கதிரை போட்டு இருக்கச் சொன்னாங்க. ஆனா என்ன கேக்க வேணும் எண்டு சொல்லித் தர ஆள் இல்லை. ஒரு போர்டாவது எழுதி வைச்சா என்ன. மூண்டு வரி காணும்.

அந்த மூண்டு வரியை நான் இங்க எழுதுறன், நாலாவதும் ஒண்டு இருக்கு. நாங்க எல்லாரும் அக்சிடன்ட் றிப்போட் எண்டு ஒரே பேப்பரா நினைக்கிறம், உண்மையில அது ஒண்டு இல்லை. நீங்க குடுத்த முறைப்பாட்டிட பிரதி, அதாவது என்ட்ரி கொப்பி எண்டு சொல்லுறது, அது உங்களுக்கு உரியது, எழுத்தில கேட்டு சின்னக் கட்டணம் ஒண்டு கட்டி ரசீது எடுத்தா சீல் வைச்சுத் தருவாங்க. இன்சூரன்சுக்குப் போற பொலிஸ் றிப்போட் வேற, அது இன்சூரன்ஸ் கொம்பனிட லெட்டர்ஹெட்டில ஓ.ஐ.சி.க்கு, அதாவது ஸ்டேஷன் பொறுப்பதிகாரிக்கு எண்டு கடிதம் வந்தாத்தான் அசையும், அந்தக் கடிதத்தைக் கொம்பனியிட்டக் கேட்டு வாங்கி நீங்களே கையில கொண்டு போனா தபாலுக்குக் காத்திருக்கத் தேவையில்லை. ஸ்கெச்சும் மற்றாக்கள்ட வாக்குமூலமும் கேஸ் பேப்பர், கேஸ் போட்டாப் பிறகு நீதவான் கோட்டில லோயர் மூலம் மோஷன், அதாவது எழுத்தில ஒரு விண்ணப்பம் போட்டு சேர்ட்டிஃபைட் கொப்பியா எடுக்கிறது, அதைக் கவுண்டர்ல எவ்வளவு கெஞ்சினாலும் தரமாட்டாங்க, தராதது சரியும்தான். நாலாவது, மோட்டர் எக்ஸாமினர் வாகனத்தைப் பாத்து பிரேக், டயர் எல்லாம் சரியா இருந்ததா எண்டு எழுதுற றிப்போட். அது வரும்வரைக்கும் பைக் ஸ்டேஷன்ல கிடக்கும், மாமாட சைக்கிளும் வேப்ப மரத்துக்குக் கீழ பக்கத்தில சாத்திக் கிடந்தது.

இந்தக் கதை முழுக்க எனக்கு விளங்கினது கவுண்டர்ல இல்லை, கொம்யூனிகேஷன் கடையில. ஸ்டேஷனுக்கு நடக்கிற தூரத்தில, ஒரு போட்டோக்கொப்பி மிசினும் ஒரு பழைய கொம்பியூட்டரும் ரீலோட் கார்டும் வைச்சிருக்கிற சின்னக் கடை. என்ட முகத்தைப் பாத்த உடன கேட்டார், "தங்கச்சி, அடிபட்டதா களவா?" எண்டு. அடிபட்டது எண்டன். "காயமா?" ஓம் எண்டன். "உங்கட இன்சூரன்சா அவன்ட இன்சூரன்சா?" இதை ஸ்டேஷனுக்குள்ள ஒருத்தரும் என்னட்டக் கேக்கேல்ல. மாமாக்கு ஒரு லைஃப் பொலிசி இருக்கு, அதில அக்சிடன்ட் கவரும் இருக்கு எண்டன். அப்ப உங்களுக்கு முதல்ல வேணும் என்ட்ரி கொப்பி, அதோட டயக்னோசிஸ் கார்ட், அதுக்குப் பிறகு பாப்பம் எண்டு சொல்லிக்கொண்டே டைப் அடிக்கத் தொடங்கிட்டார்.

அவர் எழுதின கடிதம் அரைப் பக்கம் கூட இல்லை. ஓ.ஐ.சி.க்கு, விபத்து நடந்த திகதி, நேரம், இடம், ரெண்டு பக்கத்து ஆக்கள்ட பேரும் ஐ.டி. நம்பரும், பைக் நம்பர், முறைப்பாடு பதிஞ்ச புத்தகத்திட பேர், பக்கம், பந்தி, என்ன தேவைக்குக் கேக்கிறது. அவ்வளவுதான். அந்தப் பக்கமும் பந்தியும்தான் திறப்பு எண்டார். அது இல்லாமப் போனா கவுண்டர்ல இருக்கிறவர் புத்தகம் முழுக்கப் பிரட்ட வேணும், ஆர்தான் பிரட்டுவினம், நாளைக்கு வாங்க எண்டுதான் வரும். முறைப்பாடு குடுத்த அண்டைக்கே ஒரு துண்டில அந்த நம்பரை எழுதித் தருவாங்க, தராட்டி கேட்டு வாங்கலாம். எங்களுக்குத் தந்திருந்தாங்க, மாமாட சேர்ட் பொக்கட்டில மடிஞ்சு கிடந்தது.

கடிதம் தமிழ்ல. நான் சிங்களத்தில எழுதினாத்தானே லேசா நடக்கும் எண்டு கேட்டன், அவர் சிரிச்சுப்போட்டு, வடக்குக் கிழக்கில நிர்வாக மொழி தமிழ் எண்டு அரசியலமைப்பிலயே இருக்கு, நீங்க தமிழ்ல குடுங்க, எடுக்கிறது அவங்கட வேலை எண்டார். எடுத்தாங்க. ஒரு முணுமுணுப்பும் இல்லாம எடுத்தாங்க, அதையும் சொல்லத்தான் வேணும். ஆனா வாக்குமூலம் விசயத்தில கவனம், எழுதுறவர் எந்த மொழியில எழுதினாலும் சைன் வைக்க முதல் தமிழ்ல வாசிச்சுக் காட்டச் சொல்லுங்க. மாமாட வாக்குமூலத்தில வலப்பக்கம் எண்டதும் இடப்பக்கம் எண்டதும் ஒரு இடத்தில மாறி இருந்தது, வாசிக்கச் சொன்னபடியாத்தான் பிடிபட்டுது, வெட்டித் திருத்தி ஓரத்தில சின்னச் சைன் வைச்சாங்க. வலப்பக்கம் திரும்பின கேஸில அது மாறினா என்னாகும் எண்டு யோசிச்சுப் பாருங்க.

கடிதத்தோட போன நேரம் அதே கவுண்டர், அதே ஆள், வேற மனுசன் மாதிரி. பந்தி நம்பரைப் பாத்தார், புத்தகத்தை எடுத்தார், கட்டணம் கட்டச் சொன்னார், ரசீது எழுதினார், பின்னேரம் வந்து எடுங்க எண்டார், பின்னேரமே தந்தார். எனக்குக் கோவமும் வந்தது சிரிப்பும் வந்தது. இவ்வளவுதானே, இதை முதல் நாளே ஒரு வாய் சொல்லியிருந்தா மாமாட மாக்கட்டுப் போட்ட கையைத் தூக்கிக்கொண்டு வெயில்ல அலைஞ்சிருக்கத் தேவையில்லையே. அதால 2.5. வேலை தெரியாத ஆக்கள் எண்டா 1 போட்டிருப்பன், இவங்களுக்கு வேலை தெரியும், சொல்லத்தான் மனம் வருதில்லை.

தராமலே இழுத்தடிச்சா என்ன செய்யிறது எண்டும் கடைக்காரரிட்டக் கேட்டன். 2016ஆம் ஆண்டு 12ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில விண்ணப்பம் போடலாம், 14 வேலை நாளுக்குள்ள தாறதா இல்லையா எண்டு முடிவு சொல்லத்தான் வேணும். ஆனா விசாரணையைப் பாதிக்கக்கூடிய பேப்பருக்கு அந்தச் சட்டத்திலயே விதிவிலக்கு இருக்கு, அதால முதல்ல சாதாரண கடிதம், அது சரிவராட்டி இது. ஆர்.ரி.ஐ. எண்டு எடுத்த உடன மிரட்டப் போனா தர நினைச்சவரும் கையைக் கட்டிக்கொண்டு இருப்பார்.

பொடியன்ட இன்சூரன்ஸ் பக்கம் கொஞ்சம் சொல்லுறன், கனபேர் பிழையா விளங்கி வைச்சிருக்கிறாங்க. அவனிட்ட இருந்தது தேர்ட் பார்ட்டி மட்டும். அதில அவன்ட சொந்த பைக்குக்கு ஒரு சதமும் வராது, இன்டிகேட்டர் உடைஞ்சது, டாங்க் நசிஞ்சது எல்லாம் அவன்ட கைக்காசு. சட்டப்படி கட்டாயமா இருக்கிற அந்த இன்சூரன்ஸ் மற்றாளுக்குப் பட்ட காயத்துக்கும் உயிருக்கும்தான். ஆனா அதுவும் தானா வந்து கதவைத் தட்டாது, பேசி முடிக்கிறது இல்லாட்டி நட்ட ஈட்டு வழக்குப் போடுறது. வழக்கு எண்டா 2 வருசத்துக்குள்ள போட்டுட வேணும், அதுக்குப் பிறகு காலாவதி. நீதவான் கோட்டில பொலிஸ் போடுற கேஸ் வேற, அதில தண்டம் கட்டினா அது அரசாங்கத்துக்குப் போற காசு, அதைப் பாத்திட்டு கேஸ் முடிஞ்சுதானே எண்டு வீட்ட இருந்திடாதீங்க.

நாங்க வழக்குப் போடேல்ல. சைக்கிளுக்கு ரிம், பெடல், கிராங்க் மாத்தின காசைப் பொடியன் தந்திட்டான், கேக்காமலே அவன்ட அம்மாவும் வந்து மாமாவைப் பாத்திட்டுப் போனவ, அன்னாசியும் கொண்டு வந்தவ. கையில பட்ட காயத்துக்கு வாறதை மாமாட சொந்தப் பொலிசியில கேட்டிருக்கிறம், பேப்பர் எல்லாம் குடுத்தாச்சு, ஒண்டும் குறையெண்டு திருப்பி அனுப்பேல்ல, அதுக்கும் கடைக்காரருக்குத்தான் நன்றி, எல்லாத்தையும் ஒரே ஒழுங்கில அடுக்கி ஐ.டி. கொப்பியில் ஒறிஜினல் பாத்தது எண்டு எங்க சீல் வேணும் எண்டதையும் பென்சிலால குறிச்சுத் தந்தவர். டைப் அடிக்க, கொப்பி எடுக்க எல்லாத்துக்கும் சேர்த்து அவர் எடுத்த காசு ஒரு சோத்துப் பார்சல் விலை கூட வராது. கூடக் குடுத்தன், வாங்கேல்ல.

போறாக்களுக்கு: காலமையே போங்க, கோட் இருக்கிற நாளில ட்ராஃபிக் பக்கம் பெரியாக்கள் ஸ்டேஷன்ல இருக்கிறது குறைவு. ஐ.டி., முறைப்பாட்டுத் துண்டு, டயக்னோசிஸ் கார்ட் எல்லாத்திலயும் ரெண்டு ரெண்டு கொப்பி. அடிபட்ட ஆளால வர முடியாட்டி அவர்ட சைனோட ஒரு அனுமதிக் கடிதம், வாறவர்ட ஐ.டி. கொப்பியும் சேர்த்து. அடிபட்ட இடம் ரெண்டு ஸ்டேஷன் எல்லையில எண்டா ஆர் வந்து அளந்தாங்களோ அவங்களிட்டத்தான் றிப்போட், வீட்டுக்குக் கிட்ட இருக்கிற ஸ்டேஷனுக்குப் போய் நிக்காதீங்க. ஸ்டேஷன் பக்கம் மட்டும் ஒரு வேண்டுகோள், கவுண்டருக்கு வெளியில வரிசை நிக்கிற இடத்துக்கு ஒரு தகரமாவது போடுங்க சேர், பத்து மணிக்கே அந்தச் சீமெந்துத் தரையில செருப்பில்லாம நிக்கேலாது.